பன்னீரா, ஜிஞ்சரா, ஷாம்பெயினா?

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிற அன்று, கோவையிலிருந்து மகன் போன் செய்தான். பம்ப் உதிரிபாகம் செய்கிற அவனுடைய சின்னப் பட்டறைக்கு முதன்முதலாக ஒரு ஏற்றுமதி ஆர்டர் கிடைத்திருந்தது. "அப்பா, ஏர்போர்ட்டுல ஒரு ஷாம்பெயின் வாங்கிட்டு வாங்க. பட்டறைப் பசங்களோட சேர்ந்து தொறக்கோணும்" என்றான்.

நான் குடிக்கிறவன் இல்லை. மதுவிலக்குக் காலத்தில் பிறந்து வளர்ந்தவன். வாங்கிக்கொண்டு போவதில் ஒன்றும் குற்றமில்லை என்று சாங்கி விமான நிலையக் கடையில் நுழைந்தேன். நுழைந்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. ஒரு சுவர் முழுக்க ஷாம்பெயின். புரூட், எக்ஸ்ட்ரா டிரை, டெமி செக், ரோஸே என்று பட்டைப் பட்டையாக எழுதியிருக்கிறது. அரைப் பாட்டில், முழுப் பாட்டில், கைக்குழந்தை உயரத்துக்கு ஒரு பாட்டில். விற்பனைக்கு நின்ற தமிழ்ப் பெண் என் திகைப்பைப் பார்த்துவிட்டு, "அங்கிள், டிரையா வேணுமா, ஸ்வீட்டா வேணுமா? சின்னதா, பெருசா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை என்னிடம் ஏற்கெனவே ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பத்து வயது இருக்கும். சத்தியமங்கலம் ரோட்டில் அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் ஒரே ஒரு டீக்கடை. "ஏங்கண்ணு, பன்னீரா, ஜிஞ்சரா, சாதாவா?" என்பார் கடைக்காரர். அங்கே அளவைப் பற்றிப் பேச்சில்லை. எல்லாம் ஒரே அளவுப் புட்டி. கழுத்தில் கோலி உருளும் பச்சைக் கண்ணாடிப் புட்டி.

ஷாம்பெயினும் கோலி சோடாவும் ஒரு விதத்தில் பங்காளிகள். இரண்டுக்கும் இருந்த சிக்கல் ஒன்றுதான்: காற்றைப் புட்டிக்குள் எப்படிப் பிடித்து வைப்பது?

பிரான்சின் வடகிழக்கில் ஷாம்பெயின் பகுதி குளிர்ப் பிரதேசம். இலையுதிர் காலத்தில் பிழிந்த திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே குளிர் வந்து புளிப்பு நின்றுவிடும். வசந்தத்தில் சூடு ஏறியதும் மறுபடி புளிக்கத் தொடங்கும். அதற்குள் சாற்றைப் புட்டியில் அடைத்துவிட்டால் வெளியேற வழியில்லாத வாயு உள்ளேயே கரைந்து நிற்கும். இதை முதலில் யாரும் சிறப்பாக நினைக்கவில்லை, தொல்லையாகத்தான் நினைத்தார்கள். ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் என்று எல்லோரும் சொல்கிற டோம் பெரிஞ்ஞோன் என்ற துறவி 1668-இல் ஓவில்லே மடத்தின் நிலவறைப் பொறுப்புக்கு வந்தவர். அவர் பாடுபட்டது பெரும்பாலும் நுரை வராமல் தடுப்பதற்கு! அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1662-இல், கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேயர், மதுவில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைக்கிற வழக்கத்தைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்திருக்கிறார். இங்கிலாந்தில் விறகுக்குப் பதில் நிலக்கரி எரித்துக் கண்ணாடி செய்தார்கள். சூடு அதிகம், அதனால் கண்ணாடி கெட்டி. புட்டி கெட்டியாக இருந்தால்தானே நுரை நிற்கும்?

ஷாம்பெயின் புட்டிக்குள் இருக்கிற அழுத்தம் ஏறத்தாழ ஆறு வளிமண்டலம். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் காலத்து நிலவறையில் ஒரு புட்டி வெடித்தால் பக்கத்துப் புட்டியும் வெடிக்கும், வரிசையாகப் போகும். வேலையாட்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்கினார்கள். தக்கை தெறிக்காமலிருக்க முதலில் கயிறு கட்டினார்கள். இன்று நாம் முறுக்கி அவிழ்க்கிற கம்பிக் கூண்டு 1844-இல் ழாக்கசோன் என்பவர் கொண்டு வந்தது.

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்தவர் ஒரு விதவை. 1805-இல் கணவர் இறந்தபோது பார்ப் நிக்கோல் கிளிக்கோவுக்கு வயது 27. கம்பெனியைத் தானே நடத்தினார். புட்டிக்குள் இரண்டாம் முறை புளிக்கும்போது அடியில் ஈஸ்ட் கசடு தங்கிக் கலங்கலாகிவிடும். துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கசடு முழுவதையும் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியேற்றுகிற முறை 1816 வாக்கில் அவருடைய நிலவறையில் பிறந்தது. இன்று ஷாம்பெயின் தெளிவாக இருக்கிறது என்றால் அந்த அம்மாள் புண்ணியம்.

கசடை எடுக்கும்போது கொஞ்சம் மதுவும் போய்விடும். அந்த இடத்தை நிரப்ப ஊற்றுகிற சர்க்கரை கலந்த மதுதான் இனிப்பைத் தீர்மானிக்கிறது. கடைப் பெண் பொறுமையாகச் சொன்னாள். 'புரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா டிரை' 12 முதல் 17 வரை. 'செக்' 17 முதல் 32. 'டெமி செக்' 32 முதல் 50. அதற்கு மேல் 'டூ'. அதாவது, ரொம்ப வறட்சி என்று பெயர் வைத்திருக்கிற எக்ஸ்ட்ரா டிரை, புரூட்டைவிட இனிப்பு! எனக்கு இது நம் அரசு அலுவலகத்துப் பதவிப் பெயர்களைப் போலப் பட்டது. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஷாம்பெயின் என்றாலே இனிப்பு. ரஷ்யர்களுக்குப் பாகு மாதிரி வேண்டும். ஆங்கிலேயர்களுக்குத்தான் இனிப்புக் குறைய வேண்டியிருந்தது. பழைய இனிப்போடு ஒப்பிட்டு 'டிரை' என்றார்கள். இன்னும் குறைத்தபோது புதுப் பெயர் தேட வேண்டியதாயிற்று. 1874 அறுவடையில் பொம்மரி அம்மையார் செய்து பெயர் வாங்கியது புரூட். அவரும் விதவைதான். இன்று விற்பதில் பெரும்பகுதி புரூட். மைசூர்பா, லட்டு கூட வைப்பதானால் டெமி செக்தான் சரி, புரூட் புளிக்கும் என்றாள் அந்தப் பெண். நியாயம். லட்டு தின்றுவிட்டு மோர் குடித்தால் நமக்கே தெரியுமே.

சரி, நம்ம சோடாவுக்கு வருவோம்.

திராட்சையும் புளிப்பும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வாயுவை ஏற்றலாம் என்று காட்டியவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1767-இல் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். புளிக்கிற தொட்டியின் மேலே தேங்கி நின்ற வாயுவில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தார், சுறுக்கென்று இருந்தது. 1772-இல் செய்முறையைப் புத்தகமாகப் போட்டார். காசு பார்த்தவர் வேறொருவர். ஜெனிவாவில் 1783-இல் தொழில் தொடங்கிய ஷ்வெப். இப்போதும் அந்தப் பெயரில் சோடா விற்கிறது.

இந்தியாவுக்கு வெள்ளைக்காரர்களோடு சோடாவும் வந்தது. வடக்கே அதற்கு 'விலாயதி பானி' என்று பேர், சீமைத் தண்ணீர். பம்பாய், பூனா பக்கம் பார்சிக்காரர்கள் இந்தத் தொழிலில் முன்னால் நின்றார்கள். பூனாவில் அர்தெஷிர் 1884-இல், பம்பாயில் டியூக் 1889-இல். நம் பக்கம் விருதுநகரில் பழனியப்ப நாடார் 1916-இல் தொடங்கியது காளிமார்க்.

ஆனால் சோடா கிராமத்துக்குள் நுழைந்ததற்குக் காரணம் கம்பெனிகள் இல்லை, புட்டி. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய புட்டி. தக்கையும் கிடையாது, கம்பியும் கிடையாது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். புட்டியைத் தலைகீழாக வைத்து வாயு ஏற்றினால் கோலி வாய்க்கு வந்துவிடும். நிமிர்த்தினாலும் உள்ளேயிருக்கிற அழுத்தமே அதை ரப்பரோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். அதாவது எந்த வாயு தப்பிக்கப் பார்க்கிறதோ அதுவே மூடியையும் சாத்துகிறது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான மூடியை நான் பார்த்ததில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் 'டிஸ்' என்று திறக்கும். குடிக்கும்போது கோலி வந்து வாயை அடைக்காமலிருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளம். 1892-இல் அமெரிக்காவில் தகர மூடி வந்ததும் மேல்நாடுகளில் கோலிப் புட்டி மெதுவாக ஒழிந்தது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரில் இருக்கிறது. இந்தியாவில் ஒழியவில்லை. காரணம் எளிது: தகர மூடி ஒரு தடவைக்குத்தான், கோலி ஆயுசுக்கும்.

அன்னூரில் சோடாக் கம்பெனி என்றால் ஒரு அறை, ஒரு சிமெண்ட் தொட்டி, ஒரு கேஸ் சிலிண்டர், கையால் சுற்றுகிற ஒரு மிஷின். புட்டிகளை இரும்புக் கூண்டுக்குள் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் குலுங்கிக் குலுங்கி கேஸ் ஏறும். சில சமயம் வெடிக்கும். அந்தச் சோடாக்காரருக்கு ஒரு புருவத்தில் ஆழமான வடு. பிரான்சில் முகமூடி போட்டார்கள், இவர் தலையைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. (கலவரத்தில் சோடாப் புட்டி வீசுகிற கலாச்சாரம் நம் நாட்டில் ஏன் வளர்ந்தது என்று புரிகிறதல்லவா? நன்றாகக் குலுக்கி எறிந்தால் சிறு குண்டுதான்.)

எங்கள் பக்கத்தில் சோடாவுக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. கோயமுத்தூர் நகரத்துக்குச் சிறுவாணித் தண்ணீர். எங்களுக்குக் கிணற்று உப்புத் தண்ணீர். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் என்று என் அப்பா காலத்திலிருந்து பேசிப் பேசி, 2024-இல்தான் திறந்தார்கள். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு, கேஸ் ஏறிய பன்னீர் சோடா அமிர்தமாகத்தானே இருக்கும்? அவினாசித் தேருக்குப் போனால் வெயிலில் ஒரு கலர் குடிக்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "கலர் சாப்பிடறீங்களா?" என்பதுதான் பெரிய மரியாதை. மது கண்ணில் படாத காலம் வேறு. இந்தியாவிலேயே முதல் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் கொண்டு வந்தது. அன்றைய சேலம் என்றால் திருச்செங்கோடு, நாமக்கல்லும் சேர்த்துத்தான். 1948-இல் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. ஆகக் கொண்டாட்டம் என்றால் எங்களுக்குச் சோடாதான். 1971-இல் கடை திறந்து, 1974-இல் மூடி, 1981-இல் மறுபடி திறந்த பிறகு சோடா பிராந்திக்கு எடுபிடியாகிப் போனது தனிக் கதை.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்த விஷயம்.

அந்த டீக்கடையில் எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ. தோட்டங்களில் பண்ணையத்தில் இருந்த அருந்ததியர்களுக்குக் கொட்டாங்குச்சியில். அவர்கள் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆனால் சோடாவுக்குக் கொட்டாங்குச்சி கிடையாது. ஊற்றினால் கேஸ் போய்விடும் என்பதாலோ என்னவோ, அவர்களுக்கும் புட்டியைத்தான் கொடுப்பார்கள். வெளியே தள்ளி நின்று குடித்துவிட்டுக் காலிப் புட்டியைத் தரையில் வைப்பார்கள். கடைக்காரர் எடுத்துப் பெட்டியில் போடுவார். அதே பெட்டி, அதே புட்டி. இதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை, அல்லது யோசிக்காமலிருப்பது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அடுத்தவர் வீட்டுத் தண்ணீர் தொடாத ஆசாரக்காரர்கள்கூட சோடாவுக்குத் தீட்டில்லை என்று குடித்ததாகச் சொல்வார்கள். அந்த மாதிரிதான்.

எங்கள் தோட்டத்துப் பண்ணையத்து ஆள் ஒருவர். என் அப்பா வயது. ஆனால் நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், ஊரில் எல்லாப் பையன்களும் அப்படித்தான். வாரக்கூலி வாங்குகிற அன்றைக்கு ஒரு ஜிஞ்சர் சோடா குடிப்பார். ஒரு நாள் அவர் குடித்து வைத்த புட்டியைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ், மூக்குத்தி மாதிரி. நாலைந்து நாள் கழித்து என் அப்பாரு கையில் அதே குமிழ் போட்ட புட்டி. நான் சத்தமாகக் கேட்டேன்: "அப்பாரு, இது அன்னைக்கு அவங் குடிச்ச புட்டிதானுங்களே?"

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பாரு பாதியில் நிறுத்தினார். மீதியைக் குடிக்கவில்லை, கீழேயும் ஊற்றவில்லை, புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீடு வரும்வரை பேசவில்லை.

அடுத்த வாரம் கடையில் நாலு புட்டிகளின் கழுத்தில் சாக்கு நூல் கட்டியிருந்தது. கூலி வாங்கிக்கொண்டு வந்தவருக்குக் கடைக்காரர் நூல் கட்டிய புட்டியை எடுத்து நீட்டினார். அவர் நூலைப் பார்த்தார். உள்ளே பெட்டியில் நூல் இல்லாத மற்றப் புட்டிகளையும் பார்த்தார். "வேண்டாமுங்க, டீ போதுமுங்க" என்றார்.

நூல் ரொம்ப நாள் நிற்கவில்லை. சோடாக்காரர் சைக்கிளில் காலிப் பெட்டியை எடுத்துப் போனார், எல்லாப் புட்டியையும் ஒரே தொட்டியில் முக்கினார், மிஷினில் மாட்டும்போது நூல் இடைஞ்சல் என்று அறுத்துப் போட்டுவிட்டார். கடைக்காரர் கோபித்துக்கொண்டார். சோடாக்காரர் சொன்ன பதில் என் காதிலேயே இருக்கிறது: "எனக்கு அம்பது கடைங்க. கடைக்குக் கடை கவுறு கட்டியுட்டா நான் எதைன்னு பாக்கறது? புட்டி என்னுது. வேணும்னா வாங்குங்க, வேண்டாட்டி வுடுங்க." அவர் புரட்சிக்காரரெல்லாம் இல்லை. இரண்டு கணக்கு வைக்க அவருக்கு நேரமில்லை. அதோடு நூல் போனது. அப்பாரு மட்டும் அதற்குப் பிறகு வீட்டிலிருந்து பித்தளை டம்ளர் கொண்டுபோய் அதில் ஊற்றிக் குடிப்பார். கேஸ் போன சோடா.

பண்ணையத்து ஆள் அந்தக் கடையில் மறுபடி சோடா குடித்து நான் பார்க்கவில்லை. நான் பேங்க் வேலைக்குப் போய் ஊரைவிட்டு வந்தது 1972-இல். அதுவரைக்கும் பார்க்கவில்லை. கொட்டாங்குச்சி போய் அலுமினியக் குவளை வந்தது, அதுவும் போய்த் தூக்கியெறிகிற கப் வந்தது. அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 1990-களில் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். போகவில்லை.

1977-இல் கோக்கோ கோலா நாட்டைவிட்டுப் போனது, 1993-இல் திரும்பி வந்தது. அது வந்த வேகத்தில் ஊருக்கு ஊர் இருந்த சோடாக் கம்பெனிகள் போன இடம் தெரியவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின்னால் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானத்தைப் புறக்கணிக்கச் சொன்னபோது கோலி சோடாவுக்கு மறுபடி கொஞ்சம் உயிர் வந்தது. இப்போது கோவையில் பெரிய கல்யாணங்களில் தள்ளுவண்டி மாதிரி ஜோடித்து நிறுத்துகிறார்கள். பேரப் பிள்ளைகள் கோலிக்காகப் புட்டியை உடைக்கப் பார்க்கிறார்கள். அந்தக் குணம் மட்டும் மாறவில்லை.

விமான நிலையத்தில் அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள். எத்தனை பேர் என்று கேட்டாள். பட்டறையில் ஒன்பது பேர், மகன், நான். சாதாரணப் பாட்டில் 750 மில்லி, ஆறு கிளாஸ் வரும் என்றாள். அதற்கு மேல் மேக்னம், ஒன்றரை லிட்டர். பிறகு ஜெரோபோம் மூன்று லிட்டர், மெத்துசலா ஆறு, நெபுகத்நேசர் பதினைந்து. பைபிளில் வருகிற ராஜாக்கள், கிழவர்கள் பெயரையெல்லாம் புட்டிக்கு வைத்திருக்கிறார்கள். மேக்னம்தான் ருசிக்கும் நல்லதாம். மது இரண்டு பங்கு, ஆனால் கழுத்தில் தங்குகிற காற்று ஏறக்குறைய அதே அளவு, அதனால் நிதானமாகப் பக்குவப்படுமாம். அரைப் பாட்டிலில் இதற்கு நேர்மாறு, சீக்கிரம் முதிர்ந்துவிடும். நம் சுங்கத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை விடுவார்கள். இரண்டு தனித்தனிப் பாட்டில் வாங்கினால் விலை குறைவு என்றும் சொன்னாள்.

"ஒரே பாட்டில் போதும்மா, பெருசா குடு" என்றேன். புரூட் மேக்னம்.

மறுநாள் சாயங்காலம் பட்டறையில் லேத்துகளை நிறுத்திவிட்டுத் திறந்தார்கள். தக்கை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அடித்து எங்கேயோ விழுந்தது. கண்ணாடிக் கிளாஸ் நாலுதான் இருந்தது. மகன் அதை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் பேப்பர் கப்பிலேயே ஊற்றினான். நானும் ஒரு வாய் குடித்தேன். புளிப்பு, பிறகு மூக்கில் ஏறுகிற அந்தப் பழைய சுறுசுறுப்பு.

லேத் ஓட்டுகிற பையன் கப்பைக் காலி செய்துவிட்டு என்னிடம் சொன்னான்: "நம்ம சோடாவாட்டவே இருக்குதுங்க ஐயா. சக்கரைதான் பத்தலீங்."